கடைசி நிறுத்தத்தில் இறங்காத ஆள்

லோஷினி இரண்டு வருடங்களாக ஒரு புத்தகமும் படிக்கவில்லை. ஆனால் தமிழ் வகுப்பின் அறிவிப்புப் பலகையில் அதிகம் படித்தவர் என்று அவள் பெயரைத்தான் போட்டிருந்தார்கள். நூற்றுப் பதினோரு புத்தகங்கள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு தங்க நட்சத்திரம் வேறு ஒட்டியிருந்தது.

அந்த நூற்றுப் பதினொன்றில் ஒன்றுகூட உலகத்தில் கிடையாது.

பள்ளியில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாசிப்புப் பதிவேடு உண்டு. தலைப்பு, ஆசிரியர், எத்தனை பக்கம், ஐந்து வரியில் கதைச்சுருக்கம், கடைசியில் படிப்பினை. மலாய்ப் புத்தகம் என்றால் நூலகத்தில் சரிபார்க்க ஆள் இருந்தது. தமிழுக்கு இல்லை. நூலகத்தில் தமிழுக்கென்று இருப்பது ஒரே ஒரு தட்டு, அதிலும் பாதி பழைய தீபாவளி மலர்கள். நூலக ஆசிரியைக்குத் தமிழ் தெரியாது. செவ்வாய்க்கிழமை மதியம் தமிழ் எடுக்கும் மீனலோசனி டீச்சருக்கு இதோடு மூன்று பள்ளிகள். அவர் பக்கங்களை எண்ணிக் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான்.

முதலில் தனக்காகத்தான் லோஷினி கதை விட்டாள். பிறகு வகுப்பில் பத்துப் பேருக்கு அவள்தான் எழுதினாள். ஒரு புத்தகத்துக்குக் கேன்டீனில் ஒரு கறிபாப், அல்லது அவளுடைய முறை வரும்போது வகுப்பைக் கூட்டிவிட வேண்டும். கைப்பேசியில் அனுப்புவாள், அவர்கள் சொந்தக் கையெழுத்தில் பார்த்து எழுதிக்கொள்வார்கள். ஆசிரியர் பெயருக்கு யோசிப்பதே இல்லை. கண்ணில் படும் பெயர் எதுவோ அதுதான். பல் டாக்டர், தண்ணீர் பில், கல்யாணப் பத்திரிகை. படிப்பினைக்கு எட்டு வாக்கியங்கள் வைத்திருந்தாள். அதையே சுற்றிச் சுற்றிப் போடுவாள். விடாமுயற்சி வேண்டும், பெற்றோரை மதிக்க வேண்டும், நேரம் பொன்னானது. யாரும் கண்டுபிடித்ததில்லை.

இதற்கு முன்னால் அவள் கோத்தா திங்கியில் இருந்தாள். அங்கே நிஜமாகவே படிப்பாள். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்து அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறாள். ஒரு வருடக் கடைசியில் ஆறு ஏறி வீட்டு ஜன்னல்வரை வந்தது. நான்கு நாள் கழித்துத் திரும்பிவந்து பார்த்தபோது அலமாரியில் புத்தகங்கள் பாலில் நனைத்த ரொட்டி மாதிரி ஊதிக் கிடந்தன. எதையும் பிரிக்க முடியவில்லை. அப்பா ராஜசேகரன் மண்வெட்டியால் வாரி, மெத்தையோடும் சோபாவோடும் சேர்த்துச் சாலையோரக் குவியலில் போட்டார். மூன்றாம் நாள் லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது.

"புக்குதானே, வேற வாங்கிக்கலாம்" என்றார் அப்பா. அதில் தப்பு ஒன்றுமில்லை. அவருக்கு வீடு கழுவ வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு பாசிர் கூடாங்கில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுத்தம் செய்யும் வேலை கிடைத்துக் குடும்பம் இங்கே அடுக்குமாடிக்கு வந்தது. வேறு புத்தகம் யாரும் வாங்கவில்லை, அவளும் கேட்கவில்லை. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முகத்தில் அந்தச் சேற்று வாடை அடித்தது. புத்தம் புதுப் பாடப் புத்தகத்திலும் அடித்தது. சொன்னால் கிறுக்கு என்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. தூக்கம் சரியாக வருவதில்லை, சாப்பாடு இறங்குவதில்லை. அதையும் இதையும் அவள் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

ஏப்ரலில் கவுன்சலிங் டீச்சர் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். மொத்தம் நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' தொடங்கி 'எப்போதும்' வரை ஐந்து கட்டம். மாணவர்களின் மனநலம் எப்படி இருக்கிறது, வாசிப்பின் மேல் ஆர்வம் எப்படி இருக்கிறது, இரண்டையும் ஒரே தாளில் கேட்டிருந்தார்கள். பன்னிரண்டாம் கேள்வி: 'விருப்பப்பட்டுப் புத்தகம் படிப்பேன்.' பதின்மூன்றாம் கேள்வி: 'காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை.'

பதின்மூன்றுக்கு 'எப்போதும்' போட்டால் விளையாட்டு நேரத்தில் அறைக்குக் கூப்பிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் எல்லாரும் 'சில வேளைகளில்' போட்டார்கள். லோஷினி பன்னிரண்டுக்கு 'எப்போதும்', பதின்மூன்றுக்கு 'ஒருபோதும் இல்லை'. கட்டத்தை மாற்றிப் போட்டிருந்தால் இரண்டும் உண்மையாக இருந்திருக்கும்.

பக்கத்து மேசையில் யுகேந்திரன். அவளுடைய வாடிக்கைக்காரர்களில் ஒருவன், அதே அடுக்குமாடியில் பி புளோக். அவன் பதின்மூன்றுக்கு 'எப்போதும்' போட்டான். அழித்தான். மறுபடி போட்டான். மறுபடி அழித்தான். தாளில் ஓட்டை விழுந்துவிட்டது.

"என்னடா, கேள்வியவே காணோம்?" என்றாள் லோஷினி.

"அழிரப்பர் சரியில்ல."

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வாரம் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

*

தங்கராஜு அங்கிளின் பஸ் ஒரு தொழிற்சாலை பஸ். இரவு ஷிப்ட் முடிந்தவர்களைக் காலை ஆறு இருபதுக்கு அடுக்குமாடியின் கீழே இறக்குவார். அவர்கள் இறங்கிய சூட்டோடு பள்ளிப் பிள்ளைகள் ஏறிக்கொள்வார்கள். இருக்கையில் யாரோ எட்டு மணி நேரம் உழைத்த வியர்வை இருக்கும். ஏழேகாலுக்குப் பள்ளி. அதுதான் காலையில் கடைசி நிறுத்தம்.

ஒரு வெள்ளிக்கிழமை லோஷினி ஏறியதும் அவர் முன் இருக்கையைத் தட்டிக் காட்டினார்.

"இங்க உக்காரு. நான் யாரு தெரியுமா?"

"தங்கராஜு அங்கிள்."

"அதில்ல லா. நான் எழுத்தாளர்."

பின்னாலிருந்த பையன்கள் சிரித்தார்கள்.

"சிரிங்கடா. நேத்து யுகேன் அம்மா இறங்கறப்ப படியில நின்னு கேக்குது, அண்ணே, நீங்க புக்கு எழுதிருக்கீங்களான்னு. எம்மா, நான் லீவு பாரமே என் பொண்டாட்டிய விட்டுதான் எழுதுவேன், புக்கா எழுதப்போறேன்னேன். இல்லண்ணே, 'கடைசி நிறுத்தம்'னு ஒரு புக்கு, பஸ் டிரைவர் கதை, கி. தங்கராஜு எழுதினதுன்னுது. என் இனிஷியலும் கி. தான்! பாரு, கதவுலயே ஒட்டிருக்கு."

லோஷினி கதவுப் பக்கம் திரும்பவில்லை. கதவில் ஒட்டியிருப்பது அவளுக்குத் தெரியும். அங்கிருந்துதான் எடுத்தாள்.

"அந்த ஆன்ட்டி எதுக்கு அங்கிள் அத தேடறாங்க?"

"பையன் கேட்டானாம். பத்தொம்போது நாளா ரூம விட்டு வெளிய வரல. சாப்பாடு வேணுமான்னா பதில் இல்ல, தண்ணி வேணுமான்னா பதில் இல்ல. என்னதாண்டா வேணும்னு அழுதிருக்கு. அந்த புக்கு எங்க கிடைக்கும்னு கேட்டிருக்கான். அத ஒன்னுதான் வாயத் தொறந்து கேட்டானாம்." அவர் கியரை மாற்றினார். "என் பேர்ல ஒருத்தன் எழுதிருக்கான் பாரேன். நல்லா இருக்கட்டும்."

அந்தக் கதை அவளுக்கு ஞாபகம் இருந்தது. மார்ச்சில் அனுப்பியது. ஒரு பஸ்ஸில் ஓர் ஆள் தினமும் ஏறுகிறான். கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கியும் அவன் மட்டும் இறங்குவதில்லை. டிரைவர் என்னவென்று கேட்டாலும் சொல்வதில்லை. டிரைவர் தன் நாசி லெமாக் சோற்றில் பாதியை அவனுக்குக் கொடுக்கிறார். நான்கு வரி ஆகியிருந்தது, ஐந்தாவது வேண்டும். பஸ்ஸும் பள்ளிக்கு வந்துவிட்டது. 'இறுதியில் அவர் இறங்கினாரா என்பதே கதை' என்று போட்டு அனுப்பிவிட்டாள். படிப்பினை: பொறுமை கடலினும் பெரிது. பக்கங்கள்: நூற்று எண்பத்தாறு.

*

அன்று மாலை கீழே டீ விற்கும் தண்ணீர்க் கடையில் யுகேந்திரனின் அம்மா பிரேமலா ஆன்ட்டி ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தார். லோஷினி ஒளிந்துகொள்ளப் பார்த்தாள், முடியவில்லை.

"லோஷினிதானே நீ? நீதான் நெறைய படிப்பியாமே. யுகேன் சொல்லுவான். 'கடைசி நிறுத்தம்' உன்கிட்ட இருக்கா?"

"எரவல் குடுத்துட்டேன் ஆன்ட்டி." நாக்கு தானாகச் சொன்னது.

"யாருகிட்ட? சொல்லு, நானே போய் வாங்கிக்கறேன்."

"அவங்க... சிங்கப்பூர் போயிட்டாங்க."

பிரேமலா ஆன்ட்டி பெருமூச்சு விட்டார். "கிடைக்கவே மாட்டேங்குது. வேலையில்லாத ஓப் நாள்ல ஜேபி டவுனுக்குப் போயி ரெண்டு கடை ஏறி இறங்கிட்டேன். ஒருத்தர் ஸ்டாக் முடிஞ்சிருச்சுன்னாரு. இன்னொருத்தர் போன வருசம்தாம்மா கடைசிக் காப்பிய வித்தேன்னு சொல்றாரு. லைப்ரரியில பாரம் எழுதிக் குடுத்துருக்கேன். எங்கக்கா கொழுந்தன் சென்னையில இருக்காரு, அவருக்கும் சொல்லிருக்கேன்."

இந்த ஊரில் ஒரு தமிழ்ப் புத்தகம் கிடைக்கவில்லை என்றால் அப்படி ஒரு புத்தகமே இல்லையோ என்று யாருக்கும் தோன்றாது. தீர்ந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். அந்தத் தைரியத்தில்தான் லோஷினியின் தொழிலே நடந்தது.

"ரெண்டு லெட்டர் வந்துருச்சு இஸ்கோல்லேருந்து" என்றார் பிரேமலா ஆன்ட்டி. "அடுத்த வெள்ளிக்குள்ள வரலன்னா மூணாவது. அப்புறம் பேர வெட்டிருவாங்க. கிளினிக்ல ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துட்டாங்க, அது அடுத்த மாசந்தான் தேதி. அதுவரைக்கும் அவன் எதுக்காவது எந்திரிக்கணும். புக்கோ பேயோ, எனக்கு எதுவானாலும் சரி."

ரொட்டிப் பையோடு அவர் படியேறினார். ஷிப்டுக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. அந்த ஐந்து மணி நேரத்தில் அவர் தூங்க வேண்டும்.

*

சனிக்கிழமை மதியம் லோஷினி பி புளோக்கில் நான்காம் மாடி ஏறினாள். வேறு வழி இருக்கிறதா என்று ஒரு நாள் முழுக்க யோசித்துப் பார்த்திருந்தாள். இல்லை.

யுகேந்திரனின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். முடி காதை மூடியிருந்தது. கட்டிலுக்குக் கீழே மூன்று நாள் தட்டு.

"யுகேன். அந்த புக்கு இல்லடா."

"தெரியும். அம்மாதான் தேடிட்டாங்களே."

"அதில்ல. அப்படி ஒரு புக்கே கிடையாது. நான் விட்ட கதை."

மின்விசிறி ஒரு சுற்று சுற்றியது.

"தங்கராஜு?"

"பஸ் கதவுல இருந்துச்சு."

"நூத்தி எண்பத்தாறு பக்கம்?"

"சும்மா போட்டேன்."

அவன் திரும்பவில்லை. "அம்மா தூங்காம பஸ் புடிச்சு ஜேபி போனாங்க. அவங்களுக்கு இருக்கறதே ஒரு ஓப் நாள்."

"தெரியும்."

"தெரியும்ல? போ."

போனாள். அடுப்படியில் பிரேமலா ஆன்ட்டி கரண்டியோடு நின்றிருந்தார்.

"பேசினானா?"

"பேசினான் ஆன்ட்டி."

"என்ன சொன்னான்?"

"போன்னு சொன்னான்."

"என்கிட்ட அதுகூடச் சொல்றதில்ல" என்றார் பிரேமலா ஆன்ட்டி.

அதற்கு மேல் லோஷினியால் மறைக்க முடியவில்லை. பதிவேடு, கறிபாப், கதவில் இருந்த பெயர், சிங்கப்பூர் போகாத ஆள், எல்லாவற்றையும் சொன்னாள். பிரேமலா ஆன்ட்டி அடுப்பை அணைத்தார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தாள்.

"அப்ப நான் லைப்ரரியில எழுதிக் குடுத்த பாரம்?"

"அது வராது ஆன்ட்டி."

"அலமாக்." அவர் கரண்டியைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார். "சரி. அந்த ஆள் இறங்கினானா இல்லையான்னுதான் இவன் கேக்கறான். பாதியில நிக்க வச்சுட்டு வந்தது நீ. நீயே முடிச்சுக் குடு."

*

ஞாயிற்றுக்கிழமை லோஷினி முடிவு எழுத உட்கார்ந்தாள். நூற்றுப் பதினோரு புத்தகம் எழுதியவளுக்கு ஒரு முடிவு வரவில்லை. அவள் எழுதியதெல்லாம் ஐந்து வரி. முடிவு வேண்டிய இடத்தில் படிப்பினை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதல் முடிவு: அந்த ஆளின் மகன் தேடி வருகிறான், இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், வீட்டுக்குப் போகிறார்கள். அனுப்பினாள். இரண்டு மணி நேரம் கழித்து பதில் வந்தது: 'பொய்.'

இரண்டாவது முடிவு: அந்த ஆள் ஒரு பேய். போன வருடம் அதே பஸ்ஸில் செத்துப்போனவன். பதில்: 'சோம்பேறி.'

லோஷினிக்குக் கோபம் வந்தது. 'நீயே எழுதிக்கோ' என்று தட்டினாள். பிறகுதான் அவன் ஒரே நாளில் இரண்டு சொல் சொல்லியிருக்கிறான் என்று உறைத்தது. தட்டியதை அனுப்பாமல் அழித்தாள்.

திங்கட்கிழமை இடைவேளையில் நூலகத்துக்குப் போனாள். மற்றவர்கள் எப்படி முடிக்கிறார்கள் என்று பார்த்துத் திருடலாம் என்றுதான். தமிழ்த் தட்டிலிருந்து ஒரு நாவலை எடுத்தாள். அட்டை இல்லை, முதல் நான்கு பக்கமும் இல்லை. முகத்துக்கு எட்டத்தில் கையை நீட்டிப் பிடித்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். சேற்று வாடைக்காக மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். ரசகற்பூர வாடைதான் அடித்தது. கரப்பான் வாடையும் கொஞ்சம்.

கடைசிப் பக்கத்தில் ஒரு பெண் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுக்கிறாள். அவ்வளவுதான். படிப்பினை இல்லை. எதற்குச் சாவியை அவளிடம் கொடுக்க வேண்டும்? அதற்கு முந்தைய அத்தியாயத்தைப் பார்த்தாள். அங்கே அந்த இரண்டு பெண்களும் பேசுவதே இல்லை, பத்து வருடச் சண்டை. என்ன சண்டை? அதற்கு இன்னும் முன்னால் போக வேண்டியிருந்தது. மணி அடித்தது. புத்தகத்தைப் பதிந்து எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். பையில் அது இருப்பது முதுகில் தெரிந்துகொண்டே இருந்தது.

மதியம் பஸ்ஸில் ஐந்தாம் பக்கத்திலிருந்து தொடங்கினாள்.

நிமிர்ந்தபோது பஸ்ஸில் யாரும் இல்லை. என்ஜின் ஓடவில்லை. அடுக்குமாடிக்குக் கீழே நின்றிருந்தது. வெளியே தங்கராஜு அங்கிள் ஒரு பழைய பனியனால் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் இறங்கியபோதும் திரும்பவில்லை.

"ஏன் அங்கிள் கூப்பிடல?"

"மூணு தடவ கூப்பிட்டேன். ஒனக்குக் கேக்கல. கத்தினா பயந்துருவ. சரி, வர்றப்ப வரட்டும்னு இறங்கி என் வேலையப் பாத்தேன்." கண்ணாடியில் ஒரு பூச்சியைச் சுரண்டினார். "பாடமா?"

"கதை."

"அப்ப சரி."

இதை அவள் யுகேந்திரனுக்கு எழுதினாள். முடிவாக இல்லை, சும்மா செய்தியாக. 'இன்னிக்கு நான் பஸ்லேருந்து இறங்கல. அங்கிள் கண்ணாடி தொடச்சிட்டிருந்தாரு.'

மாலை ஆறு மணிக்குப் பதில் வந்தது. இந்தத் தடவை நீளமாக.

'அப்ப அந்த டிரைவர் செஞ்சதுதான் தப்பு. தினம் என்ன ஆச்சு என்ன ஆச்சுன்னு கேட்டுட்டு நிக்கறான். சோறு குடுத்துட்டு மூஞ்சியவே பாக்கறான். எல்லாரும் பாத்துட்டே இருந்தா எப்படி இறங்குவான்? அவனுக்கே ஏன்னு தெரியாது. டிரைவர் முதல்ல இறங்கணும். இறங்கிட்டு வேற வேலையப் பாக்கணும். திரும்பிப் பாக்கக்கூடாது. கதவு மட்டும் தெறந்திருக்கணும். அப்ப இறங்குவான்.'

லோஷினி மூன்று முறை படித்தாள். பிறகு கேட்டாள்: 'படிப்பினை?'

'மண்ணாங்கட்டி.'

இதுதான் முடிவு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் எழுதிய எதையும்விட நன்றாகவும் இருந்தது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. கைப்பேசியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். முதலில் பிரேமலா ஆன்ட்டியிடம் காட்டினாள், அடுத்து தங்கராஜு அங்கிளிடம்.

*

செவ்வாய்க்கிழமை காலை ஆறு இருபதுக்கு பஸ் வந்தது. இரவு ஷிப்ட் ஆட்கள் இறங்கினார்கள். மற்ற நாளில் பிரேமலா ஆன்ட்டி நேராக மேலே ஓடி அறைக் கதவைத் தட்டுவார். அன்று ஓடவில்லை. தண்ணீர்க் கடையில் ஒரு தே தாரிக் சொல்லி, படிக்கட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். யுகேந்திரனின் பள்ளிச் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் மாட்டிவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போயிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளைகள் ஏறினார்கள். தங்கராஜு அங்கிள் ஹாரன் அடிக்கவில்லை. கதவைத் திறந்துவைத்துவிட்டு இறங்கிக் கண்ணாடி துடைத்தார். பத்து நிமிடம் போனது. யாரும் வரவில்லை.

புதன்கிழமையும் அப்படியே.

"அங்கிள், கேட்ட மூடிருவாங்க!" என்று கத்தினான் இரண்டாம் படிவத்துப் பையன் ஒருவன்.

"கண்ணாடி அழுக்கா இருக்குடா."

"நேத்துதான் தொடச்சீங்க!"

"பாசிர் கூடாங் தூசி அப்படி. போயி உக்காரு."

அன்று ஏழு பேர் தாமதம் என்று மாணவர் தலைவன் பெயர் எழுதிக்கொண்டான். அதில் லோஷினியின் பெயர் முதலில். மேலே நான்காம் மாடி ஜன்னல் மூடியே இருந்தது. இது வேலைக்காகாது என்று அவளுக்குத் தோன்றத் தொடங்கியது. கதையில் நடப்பது பஸ்ஸில் நடக்குமா?

வியாழக்கிழமை தங்கராஜு அங்கிள் முன்கண்ணாடியை முடித்து, இரண்டு பக்கக் கண்ணாடியையும் முடித்து, நம்பர் பலகைக்கு வந்திருந்தார். அப்போது படிக்கட்டில் செருப்புச் சத்தம் இல்லாமல் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

யுகேந்திரன். சப்பாத்துக் கயிறு கட்டவில்லை. சட்டை தேய்த்த மடிப்போடு இருந்தது, தலை சீவவில்லை. யாரையும் பார்க்காமல் ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தான். இரண்டாம் படிவத்துப் பையன் திரும்பி வாயைத் திறந்தான். லோஷினி அவன் தொடையில் கிள்ளினாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

கடையில் பிரேமலா ஆன்ட்டி திரும்பவில்லை. இன்னொரு தே தாரிக் சொன்னார். தங்கராஜு அங்கிள் இன்னும் அரை நிமிடம் நம்பர் பலகையைத் துடைத்தார். பிறகு ஏறி வண்டியை எடுத்தார்.

மூன்றாவது கடிதம் வரவில்லை.

யுகேந்திரன் குணமாகிவிட்டான் என்று சொல்ல முடியாது. அன்று இரண்டு பாட நேரம் மேசையில் கவிழ்ந்து தூங்கினான். அடுத்த வாரம் இரண்டு நாள் வரவில்லை. பஸ் காத்திருந்துவிட்டுப் போனது. கவுன்சலிங் டீச்சர் கூப்பிட்டபோது போனான். விளையாட்டு நேரம் வீணானது என்று முனகினான். ஆஸ்பத்திரித் தேதியன்று அம்மாவோடு போய் மாத்திரை வாங்கிவந்தான். அது வாயைக் கசக்க வைக்கிறது என்றான். முன்பைவிட அதிகம் பேசினான். பேசியதில் பாதி குறைதான்.

லோஷினி அந்த அட்டையில்லாத நாவலைப் பதினாறு நாளில் முடித்தாள். நடுவில் ஒருநாள் மழை பெய்து வகுப்பில் ஈர வாடை வந்தபோது மூடி வைத்துவிட்டாள். மறுநாள் திறந்தாள். யாருக்கும் இனி கதை விடமாட்டேன் என்று வகுப்பில் சொல்லிவிட்டாள். கறிபாப் நின்றுபோனதில் அவளுக்கு வருத்தம்தான்.

பதிவேட்டில் நூற்றுப் பன்னிரண்டாவதாக அதை எழுதினாள். தலைப்பு: தெரியவில்லை. ஆசிரியர்: தெரியவில்லை. பக்கங்கள்: ஐந்து முதல் இருநூற்று முப்பதுவரை. படிப்பினை: அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள்.

மீனலோசனி டீச்சர் இரண்டு வருடத்தில் முதன்முறையாகப் பேனாவை நிறுத்தினார்.

"என்ன இது லோஷினி? தலைப்பு இல்ல, எழுதினவர் பேர் இல்ல. இப்படி ஒரு புத்தகம் இருக்கா?"

"இருக்கு டீச்சர்."

"நம்பற மாதிரி இல்லையே. படிப்பினையும் காலி. இதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. இத்தன நாள் ஒழுங்கா எழுதிட்டிருந்த பிள்ளை நீ!"

லோஷினி பதிவேட்டை வாங்கிக்கொண்டாள். நட்சத்திரம் இனி எப்படியும் பட்டியலில் அடுத்து இருக்கும் ஷர்மினிக்குப் போகும். போகட்டும்.

ஒரு வாரம் கழித்துக் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிரேமலா ஆன்ட்டி, ஏறக் காத்திருந்த லோஷினியிடமும் யுகேந்திரனிடமும் கைப்பேசியை நீட்டினார். சென்னையிலிருந்து அக்கா கொழுந்தன் எழுதியிருந்தார். நான்கு கடை விசாரித்தாராம். 'கடைசி நிறுத்தம்' இப்போது கைவசம் இல்லையாம், அடுத்த மாதம் மறுபதிப்பு வருகிறதாம்.

"எத்தன பக்கம்னு கேளுங்கம்மா" என்றான் யுகேந்திரன்.

மூன்று பேரும் சிரித்தார்கள். தங்கராஜு அங்கிள் என்னவென்று கேட்டு, தெரிந்துகொண்டு, "பாத்தியா, நான் மறுபதிப்பு லெவலுக்குப் போயிட்டேன்" என்றார்.

அன்று அந்த அட்டையில்லாத நாவல் யுகேந்திரன் கையில் இருந்தது. லோஷினி கொடுக்கவில்லை. அவள் திருப்பிக் கொடுத்ததை அவனே நூலகத்திலிருந்து எடுத்திருந்தான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. பள்ளி வாசலில் எல்லாரும் இறங்கினார்கள். கடைசி இருக்கையில் அவன் மட்டும் குனிந்தபடி இருந்தான். தங்கராஜு அங்கிள் கண்ணாடியில் பார்த்தார். பனியனை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

ஏழு இருபத்தெட்டு. மாணவர் தலைவன் கேட்டை இழுத்துக்கொண்டிருந்தான். லோஷினியின் பெயர் ஏற்கெனவே ஐந்து முறை எழுதப்பட்டிருந்தது. பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. ஏறிப்போய்ப் பையைப் பிடித்து இழுத்தாள்.

"இறங்குடா. அது கதை, இது கேட்டு."

அவன் விரலைப் பக்கத்தில் வைத்தபடியே எழுந்தான். படியில் இறங்கும்போது சொன்னான்:

"முடிவ மட்டும் சொல்லிராத."